முதல் வாய் ராமுத்தாய்க்கு

பொன்னுத்தங்கத்துக்குப் போட்ட சோற்றில் முதல் வாயை ராமுத்தாய்தான் தின்பாள். தின்றுவிட்டுக் கையைத் தட்டின் ஓரத்தில் வைத்தபடி கொஞ்ச நேரம் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்று பார்க்கிறவர்களுக்குத் தெரிந்த பிறகுதான் தட்டைப் பிள்ளை பக்கம் தள்ளுவாள். கஞ்சி என்றாலும் அப்படித்தான், சுக்குத் தண்ணீர் என்றாலும் அப்படித்தான். இந்தப் பழக்கத்தை அவளுக்கு உண்டாக்கினவள் நான். அதனால் அவளைப் பற்றிச் சொல்ல எனக்குத்தான் பாத்தியதை.

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்லச் செல்வமணி டீச்சர் எழுதுகிறாள். மாதர் சங்க மலரில் போட நம் தெருப் பெண் ஒருத்தியைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லுங்கள் என்றாள். நல்லதும் சொல்வேன், கெட்டதும் சொல்வேன், ஒரு சொல்லை விட்டாலும் திரும்ப வாசிக்கச் சொல்லிக் கண்டுபிடித்துவிடுவேன் என்று சொல்லித்தான் ஆரம்பித்திருக்கிறேன்.

ராமுத்தாய் எங்கள் நாரணாபுரத்துக்கு வந்தது சீனாக்காரன் சண்டை வந்த வருஷம், தை மாசம். ஊர் அவளுக்கு வெம்பக்கோட்டைப் பக்கம். முதல் புருஷன் மஞ்சள் காமாலையில் போய்ச் சேர்ந்துவிட்டான், பிள்ளை கிடையாது. என் தங்கச்சி சுப்புலட்சுமி செத்து ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. தங்கச்சி புருஷன் காசிராஜன் லாரிக்கு லோடு ஏற்றுகிறவன். பதினோரு வயசுப் பெண்பிள்ளை பொன்னுத்தங்கத்தை வைத்துக்கொண்டு அவனால் சமாளிக்க முடியவில்லை. ராமுத்தாயைக் கட்டிக்கொண்டு வந்தான்.

பிள்ளையை நான் வளர்க்கிறேன் என்றுதான் சொன்னேன். அவன் கேட்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன்.

அவள் பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூமில் வேலை பார்த்தவள். இங்கே வந்தும் அதே வேலைக்குத்தான் போனாள். காகிதக் குழாய்க்குள் மருந்தை அடைக்கிற வேலை. அந்த ரூமுக்குள் நாலு பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஓடக்கூடாது, சத்தம் போடக்கூடாது. வளையல், கொலுசு, கொண்டை ஊசி எல்லாம் வெளியே கழற்றி வைத்துவிட வேண்டும். ஒரு சாமானைக் கீழே வைத்தால் டொக்கென்று ஓசை வரக்கூடாது. பத்து வருஷம் அப்படியே வேலை பார்த்தவள் வீட்டிலும் அப்படியே இருந்தாள். நடந்து வருவது தெரியாது. குடத்தை இறக்குவது கேட்காது. நான் நாலு வார்த்தை வைதால் ஒரு வார்த்தை திரும்பி வராது. வேலை விட்டு வந்ததும் முழங்கை வரைக்கும் மூன்று தடவை கழுவி, சேலை மாற்றிக்கொண்டுதான் அடுப்படிக்குள் போவாள்.

இதை எல்லாம் நான் எப்படி எடுத்துக்கொண்டேன் தெரியுமா? அழுத்தக்காரி என்று எடுத்துக்கொண்டேன். எதையோ மறைக்கத்தான் இந்தக் கழுவு கழுவுகிறாள் என்று தெருவில் சொன்னேன்.

மாசி மாசம் பிள்ளைக்கு வயிற்று நோவு வந்தது. சும்மா வருகிற நோவு இல்லை. நடு வயிற்றில் பிடித்து முதுகு வழியாகக் குத்திக்கொண்டு போகும். முழங்காலை நெஞ்சோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு, முன்பக்கமாகக் குனிந்து உட்கார்ந்துவிடுவாள். படுக்க முடியாது. வாந்தி எடுத்து எடுத்துக் கடைசியில் வெறும் பச்சைத் தண்ணீராக வரும். ரெண்டு நாள் கிடந்து எழுந்திருப்பாள். பங்குனியில் மறுபடி வந்தது. பிள்ளை என்னத்தைத் தின்றாலும் உடம்பில் ஒட்டவில்லை. கையும் காலும் சுள்ளிச் சுப்பலாகப் போய், வயிறு மட்டும் உப்பிக்கொண்டு வந்தது.

எங்கள் பக்கத்தில் மருந்து என்றால் ஒன்று இல்லை. ஆஸ்பத்திரியில் கொடுப்பதும் மருந்து, பட்டாசுக்குள் அடைப்பதும் மருந்து. ஒருத்தியைக் கெடுக்கச் சோற்றில் வைத்துக் கொடுக்கிறார்கள் என்று பயப்படுகிறோமே, அதற்கும் மருந்து என்றுதான் பேர். சித்தி சோறு போடுகிறாள், பிள்ளை மெலிகிறது. வேறு எதுவும் எனக்குத் தேவைப்படவில்லை. "மருந்து வச்சிட்டா" என்று முதலில் சொன்ன வாய் என்னுடையதுதான்.

சாத்தூருக்குக் கிழக்கே ஒரு ஊரில் மருந்து எடுக்கிறவள் ஒருத்தி இருந்தாள். யாரிடமும் சொல்லாமல் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போனேன். ஏதோ பச்சிலைச் சாற்றைக் குடிக்க வைத்தாள், வயிற்றைப் பிசைந்தாள், பிள்ளை கத்தக் கத்தத் தொண்டையில் விரலை விட்டாள். முடி சுற்றின கட்டி ஒன்றை எடுத்துக் காட்டினாள். "இந்தா பாருங்க, எம்புட்டுக் கெட்டியா இருக்கு. இன்னும் உள்ள கிடக்கு" என்றாள். நான் நம்பினேன். வருகிற வழியில் பிள்ளை வாய் கசக்கிறது என்றாள். பாவம் என்று சேவு ஒரு பொட்டலமும், எண்ணெய் சொட்டச் சொட்டப் பணியாரமும் வாங்கிக் கொடுத்தேன். அன்றைக்கே நோவு கண்டு, மூன்று நாள் எழுந்திருக்கவில்லை.

அப்போதும் ராமுத்தாய் மேலேதான் பழி போட்டேன். நாரணாபுரம் வந்ததும் ராமுத்தாய் ஊற்றின ஒரு தம்ளர் பழைய சோற்று நீச்சுத் தண்ணீரை அல்லவா பிள்ளை குடித்திருந்தது.

ஊர்ப் பெரியவர்களைக் கூட்டினேன். அம்மன் கோயில் வாசலில் உட்கார்ந்தார்கள். ராமுத்தாய் ஓரமாக நின்றாள்.

"நீ வச்சியா, வைக்கலையா?" என்று கேட்டார்கள்.

"வைக்கல."

"வைக்காதவ பயப்படாம முதல் வாயத் தின்னு காட்டு," என்றேன் நான். "பிள்ளைக்கு எது குடுத்தாலும் நீ முதல்ல தின்னணும். பக்கத்து வீட்டுல யாராச்சும் ஒருத்தி பாக்கணும்."

"சரிக்கா," என்றாள்.

ரெண்டு சொல்தான். அழுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று எதிர்பார்த்து வந்தவர்களுக்கு ஏமாற்றமாகப் போயிற்று. பெரியவர்கள் ஒரு கெடுவும் வைத்தார்கள். புரட்டாசி முடிவதற்குள் பிள்ளை தேறவில்லை என்றால் காசிராஜன் அவள் உறவை அறுத்துவிட வேண்டும், அவள் வெம்பக்கோட்டைக்குப் போய்விட வேண்டும். காசிராஜன் தலையைக் குனிந்துகொண்டு சரி என்றான். சரி என்பதைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் முதல் வாய். நான் மட்டும் அந்த வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடத் தொடவில்லை. வாசலில் நின்று பிள்ளையைப் பார்த்துவிட்டு வந்துவிடுவேன். பொட்டலம் கொண்டுபோவதை மட்டும் நிறுத்தவில்லை. ராமுத்தாய் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். "அக்கா, சேவு தின்ன மறுநாள்தான் பிள்ளைக்கு வருது. வெளிக்குப் போனா தண்ணி மேல எண்ணெய் மிதக்கு. கழுவுதவ நான், எனக்குத் தெரியும். கொஞ்ச நாளைக்குக் கொண்டாராதீக."

"என் தங்கச்சி பிள்ளைக்கு நான் வாங்கிக் குடுக்கதக் கேக்க நீ யாரு?" என்று கேட்டேன். அவள் உள்ளே போய்விட்டாள்.

புரட்டாசி பிறந்தது. தீபாவளி சீசன், கம்பெனியில் ஆர்டர் குவிந்து கிடந்தது. பத்தாம் தேதியோ என்னவோ, காலையில் பிள்ளை விழுந்துவிட்டது. உதடு வெளுத்து, கண் செருகி, கூப்பிட்டால் திரும்பவில்லை. நான் போய்ச் சேருவதற்குள் ராமுத்தாய் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்துகொண்டிருந்தாள். அவள் வேகமாக நடந்து அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"எங்கன கொண்டுபோற?"

"மதுரைக்கு. நீங்களும் வாங்க."

விருதுநகரில் பஸ் மாறி, மதுரைக்குப் போனோம். காசிராஜனும் வந்தான். ஆஸ்பத்திரிப் பேர் வேண்டாம், டீச்சர். நடந்த தப்பு ஆஸ்பத்திரி தப்பு இல்லை, என் வாய்த் தப்பு.

சின்ன வயசு டாக்டர் ஒருவர் பார்த்தார். நம் பக்கத்து ஆள் இல்லை, பேச்சிலேயே தெரிந்தது. வயிற்றை அமுக்கினார். பிள்ளை முனகியது.

"குழந்தைக்கு என்ன மருந்து கொடுத்தீங்க?"

காசிராஜன் வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "நாங்க குடுக்கல சார். இந்தா நிக்காளே, இவதான் மருந்து குடுத்தா. சோத்துல வச்சுக் குடுத்தா. எட்டு மாசமா இதான் நடக்கு."

"என்ன மருந்து?"

"அது அவளுக்குத்தான் தெரியும்."

"இவங்க என்ன வேலை பார்க்கிறாங்க?"

"பட்டாசுக் கம்பெனிலே. மருந்து ரூம்லே."

எழுதிக்கொண்டிருந்தவர் கை நின்றுவிட்டது. ராமுத்தாயைத் தலையிலிருந்து கால்வரை பார்த்தார். அவள் நகக்கண்ணில் எத்தனை கழுவினாலும் போகாத வெள்ளிக் கறுப்பு இருந்தது. அதையும் பார்த்தார். பிறகு எழுந்து போய்ப் போலீஸ்காரரைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

எனக்கு அப்போது என்ன புரிந்தது என்று கேட்டால், டாக்டரும் நம்மைப்போல நம்பிவிட்டார் என்றுதான் புரிந்தது. வெடிமருந்தை அள்ளிச் சோற்றில் போட்டாள் என்று அவர் நினைத்துக்கொண்டது எனக்குத் தெரியாது. ராமுத்தாய்க்குப் புரிந்திருக்க வேண்டும். "சார், நான் அதைக் குடுக்கல, பிள்ளைக்கு நோவு வேற" என்று ஆரம்பித்தாள். போலீஸ்காரர் கையைக் காட்டினார். வராந்தாவில் ஒரு பெஞ்சியில் உட்கார வைத்துவிட்டார்கள். பிள்ளை பக்கத்தில் போகக்கூடாது என்று உத்தரவு.

உள்ளே குழாய் விட்டு வயிற்றைக் கழுவினார்கள். அந்தக் கூப்பாட்டை நான் இந்த ஜென்மத்தில் மறக்க மாட்டேன். கழுவின தண்ணீரில் ஒன்றுமே இல்லை. வெளியே பெஞ்சியில் இருந்தவள் ரெண்டு கையாலும் பெஞ்சியைப் பிடித்துக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுவந்த துணிக்கூடையை மடியில் வைத்துக்கொண்டு நான் எதிரே உட்கார்ந்திருந்தேன். உனக்கு வேண்டும் என்று மனசில் சொல்லிக்கொண்டேன். சொன்னேன், அதையும் எழுது.

மத்தியானம் ஒரு நர்ஸ் வந்தாள். ஞானபூரணி என்று பேர். விருதுநகர்க்காரி, வேதக்கார வீட்டுப் பெண், கழுத்தில் சிலுவை போட்டிருந்தாள். சின்னக் கண்ணாடித் தம்ளரில் வெள்ளையாக ஒரு மருந்து கொண்டு வந்து, பொன்னுத்தங்கத்தின் தலையைத் தூக்கி உதட்டில் வைத்தாள். பிள்ளை வாயை இறுக்கி மூடிக்கொண்டது.

"குடி தாயி. கசக்காது."

"சித்தி முதல்ல குடிக்கணும்."

"சித்தியா? உனக்குத்தானே மருந்து."

"சித்தி குடிச்ச பொறவுதான் நான் குடிப்பேன்."

நர்ஸ் எவ்வளவோ கெஞ்சிப் பார்த்தாள். நானும் கெஞ்சினேன். "நான் குடிக்கேன், பாரு" என்று தம்ளரைக் கையில் வாங்கினேன். "நீங்க இல்ல பெரியம்மா. சித்திதான்" என்று சொல்லிவிட்டுப் பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டது. சித்திரையிலிருந்து அஞ்சு மாசம், வேளைக்கு வேளை பார்த்துப் பழகின பிள்ளை. நான் கட்டின கட்டு எனக்கே குறுக்கே வந்து நின்றது.

ஞானபூரணி என்னை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள். "இது என்ன பெரியம்மா, சித்தி எதுக்கு முதல்ல குடிக்கணும்?"

ஊர்க் கட்டுப்பாட்டைச் சொன்னேன். மருந்து எடுத்ததையும் சொன்னேன். அவள் முகம் மாறிக்கொண்டே வந்தது.

"டாக்டர்ட்ட மருந்து குடுத்தான்னு சொன்னீகளே, எந்த மருந்தைச் சொன்னீக?"

"நம்ம ஊர்ல வைப்பாகளே, அந்த மருந்துதான்."

"அவரு வெடிமருந்துன்னு எழுதி வச்சிருக்காரு. அந்தப் பொம்பளையக் கோர்ட்டுல கொண்டுபோய் நிறுத்திருவாக. தெரியுமா உங்களுக்கு?"

ராமுத்தாய் ஊரை விட்டுப் போக வேண்டும் என்று நினைத்தேனே தவிர ஜெயிலுக்குப் போக வேண்டும் என்று நினைக்கவில்லை. ஆனாலும் பார்த்துக்கொள்ளுங்கள், நான் சொன்னது தப்பு என்று அப்போதும் வாயில் வரவில்லை. "எந்த மருந்தா இருந்தா என்ன, குடுத்தது குடுத்ததுதானே" என்றேன்.

ஞானபூரணி நேரே வராந்தாவுக்குப் போய்ப் போலீஸ்காரரிடம் என்னமோ பேசி, ராமுத்தாயைக் கதவு வரைக்கும் கூட்டிக்கொண்டு வந்தாள். ராமுத்தாய் வாசற்படியில் நின்றபடியே, பிள்ளை பார்க்க, தம்ளரிலிருந்து ஒரு சொட்டை நாக்கில் விட்டுக்கொண்டாள். வழக்கம்போலக் கொஞ்ச நேரம் அப்படியே நின்றாள். பிறகுதான் பிள்ளை குடித்தது.

சாயங்காலம் எக்ஸ்ரே எடுத்தார்கள். மறுநாள் காலையில் பெரிய டாக்டர் வந்தார். நரைத்த தலை, மெதுவான பேச்சு. சின்ன டாக்டரும் ஞானபூரணியும் கூட நின்றார்கள். கறுப்புப் படத்தை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். முதுகெலும்புக்குக் குறுக்கே, உப்புக்கல்லைச் சிதறினதுபோல வெள்ளை வெள்ளையாக ஒரு வரிசை.

"இதெல்லாம் கல்லு," என்றார். "வயித்துக்குப் பின்னால கணையம்னு ஒண்ணு இருக்கு. தின்னதைச் செரிக்க வைக்கிற தண்ணி அங்கதான் ஊறும். இந்தப் பிள்ளைக்கு அது திரும்பத் திரும்ப வெந்து புண்ணாகி, உள்ளுக்குள்ள கல்லுக் கட்டியிருக்கு. பிள்ளைகளுக்கு அபூர்வமா வர்ற வியாதி. ஏன் வருதுன்னு எங்களுக்கே இன்னும் சரியாத் தெரியலை."

கல்லு என்றதும் என் புத்தி எங்கே போயிற்று தெரியுமா? மருந்துதான் உள்ளே கிடந்து கல்லாகிவிட்டது என்று போயிற்று.

"ஆனா ஒண்ணு இடிக்குது," என்றார் பெரிய டாக்டர். "எட்டு மாசத்துல இம்புட்டுக் கல்லுக் கட்டாது. நீங்க எட்டு மாசம்னு சொல்லியிருக்கீங்க. உண்மையிலேயே எட்டு மாசத்துக்கு முந்தி இந்தப் பிள்ளைக்கு வலியே வந்ததில்லையா?"

"வந்ததில்ல சார்," என்றான் காசிராஜன். அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. எட்டு மாசம்தான்னா விஷத்துக்குப் பார்க்கணும், போலீஸ் கேஸ் அப்படியே நடக்கும். ரொம்ப நாளா இருந்திருந்தா வேற வைத்தியம். தப்பாச் சொன்னா நான் தப்பாச் செஞ்சிருவேன், பிள்ளை தாங்காது."

எனக்குத் தெரியும்.

டீச்சர், இதை நான் வாயால் சொல்வது இன்றைக்குத்தான். பொன்னுத்தங்கத்துக்கு ஏழு வயசு இருக்கும்போதே அந்த நோவு வந்தது. இதே குனிவு, இதே வாந்தி. காசிராஜன் லோடு ஏற்ற வெளியூர் போயிருந்த சமயம். தங்கச்சி பயந்து என்னைக் கூப்பிட்டாள். நான்தான் ஓமத்தண்ணீர் காய்ச்சிக் கொடுத்தேன். அப்புறமும் ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து போயிற்று. தங்கச்சி யாரிடமும் மூச்சு விடவில்லை. "பொம்பளப் பிள்ளைக்கு வயித்து நோவுன்னு பேர் விழுந்தா நாளைக்கு எவன்க்கா கட்டுவான்? இதுக அப்பாவுக்குக்கூடத் தெரிய வேண்டாம்" என்றாள். தூங்குகிற பிள்ளை தலையில் என் கையை எடுத்து வைத்தாள். "வாயால சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணு" என்றாள். பண்ணினேன்.

தங்கச்சி போய்விட்டாள். சத்தியம் போகவில்லை. சொன்னால் பிள்ளை தலையில் விழும் என்று நான் நம்பினேன், இன்றைக்கும் பாதி நம்புகிறேன். ராமுத்தாய் வந்த பிறகு, சத்தியத்துக்குப் பயந்து சொல்லவில்லையா, அவள் மேல் இருந்த கோபத்தில் சொல்லவில்லையா என்று கேட்டால், ரெண்டும்தான். நோவு பழசு என்று சொன்னால், உன் தங்கச்சி ஏன் வைத்தியம் பார்க்கவில்லை என்று ஊர் கேட்கும். செத்தவள் மேல் குற்றம் வரும். உயிரோடு இருக்கிறவள் மேல் வரட்டும் என்று விட்டுவிட்டேன்.

இப்போது சொன்னாலும் பிள்ளைக்கு ஆபத்து, சொல்லாவிட்டாலும் ஆபத்து. டாக்டர் படத்தைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். கட்டிலில் பிள்ளை கண்ணை மூடி முனகிக்கொண்டிருந்தது. கதவுக்கு வெளியே போலீஸ்காரர் பக்கத்தில் ராமுத்தாய் நின்றாள். அவள் என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையைத்தான் பார்த்தாள்.

நான் கையைத் தூக்கி நாலு விரலைக் காட்டினேன்.

"என்ன, நாலு மாசமா?" என்றார்.

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பெரியம்மா, வாயத் திறந்து சொல்லுங்க," என்றாள் ஞானபூரணி.

உதட்டைக் கடித்துக்கொண்டு நாலு விரலையே நீட்டினேன். வாயால் சொல்ல மாட்டேன் என்றுதான் சத்தியம். விரலைப் பற்றித் தங்கச்சி ஒன்றும் கேட்கவில்லை.

"நாலு வருஷமா?"

ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

"மதினி, என்ன சொல்லுதீக?" என்றான் காசிராஜன். அவன் குரல் பிள்ளைக் குரல்போல இருந்தது. நான் அவன் பக்கம் திரும்பவில்லை.

பெரிய டாக்டர் இன்னும் கேட்டார். குனிந்து உட்காருவாளா, தலையை ஆட்டினேன். முதுகு வரைக்கும் வலிக்குமா, ஆட்டினேன். எத்தனை மாசத்துக்கு ஒரு தடவை, ஆறு விரலைக் காட்டினேன். எண்ணெய்ப் பண்டம் தின்றால் கூடுமா என்றார். அதற்கு என் தலை ஆடவில்லை. அதற்குப் பதில் கதவுக்கு வெளியே இருந்து வந்தது.

"கூடும் சார்," என்றாள் ராமுத்தாய். "வெளிக்குப் போனா எண்ணெய் மிதக்கும். வெள்ளையா, நாத்தமா இருக்கும்."

பெரிய டாக்டர் அவளைத் திரும்பிப் பார்த்தார். "உள்ள வாம்மா," என்றார். பிறகு சின்ன டாக்டரிடம் இங்கிலீஷில் என்னமோ சொன்னார். போலீஸ்காரர் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு போய்விட்டார்.

ராமுத்தாய் உள்ளே வந்து கட்டில் ஓரத்தில் நின்றாள். என்னை ஏறிட்டுப் பார்த்தாள். ஏசுவாள் என்று எதிர்பார்த்தேன். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நாலு வருசமா தாங்கியிருக்கே இந்தப் பிள்ள," என்றாள். அம்புட்டுத்தான்.

அதற்கப்புறம் மூன்று நாள் நான் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தேன். வாயில் ஒன்றும் வைக்கவில்லை. விரல் காட்டினதும் சொன்ன கணக்குத்தானோ, சத்தியம் பிள்ளையை வாரிக்கொண்டு போய்விடுமோ என்று மேலே ஒவ்வொரு முனகலுக்கும் எழுந்து பார்ப்பேன். வாய் வழியாகச் சோறு தண்ணீர் இல்லை, பிள்ளைக்கு எல்லாம் ஊசியில்தான். நாலாம் நாள் காலையில் பொன்னுத்தங்கம் கட்டிலுக்கு அடியில் தலையை விட்டு, "பெரியம்மா, பசிக்கு" என்றது. எனக்கா, உனக்கா என்று கேட்டேன். எனக்குத்தான் என்றது.

இருபது நாள் இருந்து வீட்டுக்கு வந்தோம். கல்லை எடுக்கவில்லை, பிள்ளை ரொம்ப மெலிவு, ஆபரேஷன் இப்போது வேண்டாம் என்றுவிட்டார்கள். எண்ணெய் கூடாது, நெய் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாக ஆறு வேளை கொடுக்க வேண்டும், செரிக்க ஒரு பொடி. பெரியவர்கள் வைத்த கெடு முடிந்திருந்தது. நானே அம்மன் கோயில் வாசலில் போய் நின்று, "அவ வைக்கல. நான் சொன்னது தப்பு. முதல் வாய் இனிமே வேண்டாம்" என்றேன். எப்படித் தெரியும் என்று கேட்டார்கள். அதைச் சொல்ல மாட்டேன் என்றேன். சொல்லவும் இல்லை.

ஊர் விட்டுவிட்டது, ராமுத்தாய் விடவில்லை. முதல் வாயைத் தின்றுதான் தட்டைத் தள்ளினாள். "அதான் வேண்டாம்னு சொல்லிட்டேனே" என்றால், "பழகிருச்சுக்கா" என்பாள். அந்த வீட்டில் நான் சாப்பிடாமல் இருந்ததும் மாறவில்லை. சந்தேகம் போய்விட்டது, வெட்கம் போகவில்லை. அவள் தண்ணீர் கொண்டுவருவாள், இப்போதுதான் குடித்தேன் என்பேன். ரெண்டு பேரும் இப்படியே மூன்று வருஷம் ஓட்டினோம்.

மூன்றாம் வருஷம் ஒரு நாள், புழக்கடையில் பிள்ளை ஒண்ணுக்கு இருந்த இடத்தில் எறும்பு மொய்க்கிறது என்று ராமுத்தாய்தான் பார்த்துச் சொன்னாள். மதுரைக்குப் போனோம். கணையம் கெட்டதால் சர்க்கரை வந்துவிட்டது, தினம் ஊசி போட வேண்டும் என்றார்கள். ஞானபூரணிதான் சொல்லிக்கொடுத்தாள். நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ராமுத்தாய்க்கும் எழுத்துத் தெரியாது, நம்பர் தெரியாது. கண்ணாடி ஊசியில் கோட்டை எண்ணிக்கொண்டாள். மருந்து அடைத்த கை, ஒரு சொட்டுக் கூடாது, ஒரு சொட்டுக் குறையாது. ஞானபூரணியே அசந்துபோனாள்.

வீட்டுக்கு வந்து, ஊசியைக் கொதிக்க வைத்து, குளிர்ச்சிக்கு வைத்த ஈர மணல் பானையிலிருந்து மருந்துப் புட்டியை எடுத்து, முதல் நாள் முதல் ஊசி. மருந்தை ஏற்றிக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இதையும் நான்தான் முதல்ல போட்டுக்கிடணுமா?"

சிரிக்காமல் கேட்டாள். இத்தனை வருஷத்தில் அவள் என்னைக் கேட்ட கேள்வி அது ஒன்றுதான். பொன்னுத்தங்கம் களுக்கென்று சிரித்துவிட்டது. அவள் பிள்ளை கையைப் பிடித்து ஊசியைப் போட்டாள். பிள்ளை முகம் சுளிக்கவில்லை.

ஊசி போட்டால் உடனே சாப்பிட வேண்டும். தட்டில் கேப்பைக் களியும் கீரையும் எடுத்து வந்தாள். உட்கார்ந்து, வழக்கம்போல முதல் வாய்க்குக் கையை நீட்டினாள். நான் தட்டை என் பக்கம் இழுத்துவிட்டேன். ஒரு உருண்டை பிட்டு, கீரையில் தொட்டு என் வாயில் போட்டுக்கொண்டேன். அவள் வந்த மூன்றே முக்கால் வருஷத்தில் அந்த வீட்டில் நான் தின்ற முதல் வாய்.

ராமுத்தாய் நீட்டின கையை அப்படியே வைத்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"உப்பு எப்படி இருக்குக்கா?" என்றாள்.

"பத்தல," என்றேன். தட்டைப் பிள்ளை பக்கம் தள்ளினேன்.

உப்புச் சரியாகத்தான் இருந்தது. டீச்சர், அதை மட்டும் அவளிடம் வாசித்துக் காட்டாதே.